தம்பி அங்கே சமையல்காரன்: கல்வெட்டில் எதை எழுதுவது?

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் இருந்தான். வயது 24. போன வருஷம் வடக்கே ஒரு மலைப்பாதையில் ராணுவ லாரி பள்ளத்தில் உருண்டதில் இறந்துவிட்டான். அடுத்த மாதம் முதல் வருஷ திதி வருகிறது. ஊரில் சிலை வைக்க சித்தப்பா ஏற்பாடு செய்து, சிற்பிக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். கையில் துப்பாக்கியோடு முழு உருவச் சிலை. கீழே ‘எல்லையில் எதிரிகளோடு போரிட்டு வீரமரணம் அடைந்தார்’ என்று கல்வெட்டு. ஆனால் தம்பி சண்டையில் சாகவில்லை. அவன் அங்கே சமையல்காரன். லாரியில் பின்னால் உட்கார்ந்து போனவன். சமையல் வேலை என்பதை அப்பா வெளியே யாரிடமும் சொன்னதே இல்லை. சித்தப்பா, கவுன்சிலர் எல்லாரும் வீட்டில் இருந்தபோது ‘நடக்காததை எழுத வேண்டாம்’ என்று நான் சொல்லிவிட்டேன். ‘தம்பி பேரை நீயே கெடுக்கப் பார்க்கிறாயா’ என்றார் அப்பா. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அம்மா நிலைமை வேறு. பெட்டி சீல் வைத்து வந்ததால் முகம் பார்க்க முடியவில்லை. ‘அதற்குள் இருந்தது அவன்தானா’ என்று இன்னும் கேட்கிறார். ராத்திரியில் அவன் நம்பருக்குப் போன் போடுகிறார். நான் செய்தது தப்பா?

பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொன்னது தப்பில்லை. சொன்ன இடம்தான் அப்பாவைச் சுட்டிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பொழுதில், அவர் மறைத்து வைத்திருந்தது சபைக்கு வந்துவிட்டது. அந்தக் கோபம் உங்கள் மேல் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘என் பையன் சமையல்காரன், அதுவும் விபத்தில் செத்தான் என்று தெரிந்தால் ஊர் இவ்வளவு மரியாதை கொடுக்குமா’ என்ற பயம்தான் கோபமாக வெளியே வந்திருக்கிறது. ராணுவக் குடும்பங்கள் அதிகம் இருக்கும் பகுதியில் மனநல ஆலோசகராக இருப்பதால், இந்தப் பயத்தை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். விபத்து, மாரடைப்பு, பனிச்சரிவு என்று காரணம் எதுவானாலும், துக்கம் கேட்க வந்தவர்கள் ‘சண்டையா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராது.

அப்பாவிடம் பேச உங்களுக்கு உதவும் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது அவருக்கு நினைவிருக்கும். நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அதில் இறந்தார். அவர் அன்று எந்தப் போருக்கும் போகவில்லை. வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பேசுவதற்காக சூலூரிலிருந்து கிளம்பியவர். மறுநாள் உடல்களை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் மலையிறங்கி சூலூருக்குப் போனபோது, வழி நெடுக நம் ஜனங்கள் நின்று பூத்தூவினார்கள். ‘இவர் சண்டையில் செத்தாரா’ என்று ஒருவரும் கேட்கவில்லை. தளபதிக்குக் கேட்காத கேள்வியைச் சிப்பாய்க்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சியாச்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 ஏப்ரலில் நம் ராணுவம் அங்கே ஏறியது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிச் சத்தம் அடங்கியது. சாவு அடங்கவில்லை. அந்தப் பனிமலையில் குண்டு பட்டு இறந்தவர்களைவிட குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் சாவடி மேல் பனிப்பாறை சரிந்ததில் 10 பேர் புதைந்தார்கள். 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் சாவடி அது. ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இன்னொருவர் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த மருத்துவ உதவியாளர். ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் அங்கே இருந்தவர். பத்துப் பேருக்கும் தேசம் ஒரே மாதிரிதான் சல்யூட் அடித்தது.

மலைப்பாதை விபத்துகளும் அப்படித்தான். 2022 டிசம்பர் 23-ல் வட சிக்கிமில் ஜெமா என்ற இடத்தில் ராணுவ லாரி பள்ளத்தில் விழுந்து 16 பேர் ஒரே நேரத்தில் போனார்கள். பணியிடத்துக்குப் போய்ச் சேருவதே அந்தப் பிரதேசங்களில் பாதி ஆபத்து. உங்கள் தம்பி சுற்றுலா போன வண்டியில் சாகவில்லை. டியூட்டியில் செத்தான்.

சரி, சமையல் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் மனது அதிகம் நின்ற இடம் அதுதான்.

ராணுவத்தில் சமையல்காரனும் சிப்பாய்தான். அடிப்படைப் பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் முடித்துத்தான் அவன் சமையலறைக்கே போகிறான். லங்கர் என்பார்கள் அந்தச் சமையலறையை. உயரமான மலையில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 18,000 அடியில் ஏறக்குறைய 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் அந்தச் சூட்டில் பருப்பு வேகாது, அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். குக்கர் இல்லாமல் சோறு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டி எடுத்து உருக்க வேண்டும். முட்டை கல் மாதிரி உறைந்து கிடக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் கண் எரியும். இதெல்லாம் ஒரு பக்கம். உயரத்தில் மனிதனுக்குப் பசியே எடுக்காது. சாப்பிடாவிட்டால் உடம்பு கரைந்துவிடும். ஆக, பசிக்காதவனையும் நாலு வாய் சாப்பிட வைக்க வேண்டியவன் சமையல்காரன். தெற்கத்திப் பையன்களுக்கு எப்போதாவது ஒரு ரசம் கிடைத்தால் அன்றைக்கு அங்கே தீபாவளிதான். உங்கள் தம்பி எந்த உயரத்தில் இருந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பனிமலையோ பாலைவனமோ, எங்கே இருந்தாலும் அவன் எழுந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் அந்த முகாமில் மற்றவர்களுக்குப் பொழுது விடிந்திருக்கும்.

இந்த வேலையைச் சொல்ல அப்பா கூசுகிறார். ஆண்பிள்ளை கரண்டி பிடித்தான் என்றால் நம் ஊரில் ஒரு இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது. கல்யாணத்துக்குப் பந்திக்கு பந்தி சாப்பிட்டுவிட்டு ‘சமையல் ஆட்கள்’ என்று ஒரு தினுசாகச் சொல்கிற ஊர் நம்முடையது. அதை நீங்களோ நானோ வாதாடி மாற்ற முடியாது. அவன் கையால் சாப்பிட்டவர்கள் வந்து சொன்னால் மாறலாம்.

அதனால் முதல் காரியமாக, தம்பியின் யூனிட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கமாண்டிங் ஆபீசர் பெயருக்குப் போகட்டும். தமிழில் எழுதினால் போதும், கூட ஒரு ஆங்கிலப் பிரதி வையுங்கள். முதலாண்டு வருகிறது, அவனோடு இருந்தவர்களில் யாராவது லீவில் ஊர்ப்பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து போகச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் போனில் பேசச் சொல்லுங்கள், அவனைப் பற்றி நினைவிருக்கிற எதையாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உடலோடு வந்த ராணுவ வீரர்களின் நம்பர் யாரிடமாவது இருக்கும், அதையும் தேடுங்கள். போன் வந்தால் நீங்கள் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டு அப்பா காதில் விழுகிற மாதிரி பேசுங்கள். அவர் திண்ணையில் திரும்பி உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, காது இங்கேதான் இருக்கும்.

அம்மாவுக்கும் அந்தப் போன்தான் மருந்து. முகம் பார்க்காமல் எரித்த அல்லது புதைத்த சாவை மனம் முழுசாக ஏற்காது. இது பைத்தியமோ பிடிவாதமோ இல்லை. விபத்தில் உருக்குலைந்த உடலைக் குடும்பம் பார்க்க வேண்டாம் என்று நல்லெண்ணத்தில்தான் பெட்டியை மூடுகிறார்கள். ஆனால் பார்க்காததை மனம் வேறு விதமாகக் கற்பனை செய்துகொள்ளும். ‘எங்கோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறானோ’ என்றுகூட நினைக்கும். நேரில் பார்த்த ஒருவர், அடையாளம் காட்டிய ஒருவர், ‘அம்மா, நான் பார்த்தேன். அவன்தான். நான்தான் அவனுக்கு யூனிபார்ம் போட்டுவிட்டேன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், வீட்டு ஆட்கள் நூறு முறை சொல்வதைவிட அது உள்ளே இறங்கும். அம்மா அழுவார். அழட்டும். அவர் கேட்டால் மட்டும் விவரம் சொல்லச் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்ல வேண்டாம் என்று பேசப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ராணுவத்திலிருந்து அவனுடைய ட்ரங்க் பெட்டி வந்திருக்குமே, வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதியது, அதை அம்மா இன்னும் திறக்கவில்லை என்றால் அவசரப்படுத்தாதீர்கள். திறக்கிற நாளில் பக்கத்தில் இருங்கள். துணிகளைத் துவைத்து வைக்கிறேன் என்று யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியில் இருக்கிற வாசனை போனால் திரும்ப வராது.

அம்மா ராத்திரியில் கூப்பிடும் தம்பியின் போன் நம்பர் விஷயத்தில் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பயன்படுத்தாத ப்ரீபெய்ட் நம்பரைக் கம்பெனி முடக்கிவிட்டு, கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஒரு ராத்திரி அம்மா போன் போடும்போது மறுமுனையில் முன்பின் தெரியாத ஒருவர் ‘ஹலோ’ என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம்பர் உயிரோடு இருந்தால், இறப்புச் சான்றிதழோடு கடைக்குப் போய் வீட்டில் ஒருவர் பெயருக்கு மாற்றி, ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாவற்றையும் இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். அம்மா போன் போடுவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டுப்போயிருந்தாலோ, ‘நானும் அவனோடு போய்விடுகிறேன்’ என்ற பேச்சு வந்தாலோ, அதைப் புலம்பல் என்று விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வருடம் ஆகியும் அன்றாட வாழ்க்கை நகராமல் நிற்கும் துக்கத்தை இப்போது மருத்துவம் தனியாகவே கவனிக்கிறது, சிகிச்சையும் உண்டு. நடு ராத்திரி என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.

இனி கல்வெட்டு. ராணுவத்தின் சொந்தக் காகிதத்தில் ‘வீரமரணம்’, ‘தியாகி’ போன்ற வகை எதுவும் கிடையாது. அப்படி ஒரு சொல்லை ராணுவத்தில் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அங்கே இருப்பது போர் சார்ந்த உயிரிழப்பு, மற்ற உயிரிழப்பு என்ற பிரிவுதான். எந்த இடம், எந்த நடவடிக்கை, எப்படி நடந்தது என்பதை வைத்து அது முடிவாகும். எதிரியே இல்லாத பனிச்சரிவுகூட சில இடங்களில் முதல் பிரிவில் வரும். பணியின்போது நேர்ந்த விபத்து என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். போர் சார்ந்தது என்றால் அதைவிடக் கூடுதல். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது தம்பியின் ஆவணத்தில் இருக்கும். கல்வெட்டில் என்ன எழுதினாலும் அந்தக் காகிதம் மாறாது. ‘போர் கேஸாக மாற்றித் தருகிறேன், இவ்வளவு செலவாகும்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டால் காசில்லாமல் வழி சொல்வார்கள்.

என்ன எழுதலாம் என்பதற்கு உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மன் காலத்தது, 1,400 வருஷத்துக்குக் கிட்ட. இறந்த வீரன் பெயர் கருந்தேவகத்தி. அவனோடு அவன் நாய்க்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்று நாயின் பெயரைப் போட்டு, அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் வெட்டியிருக்கிறார்கள். செங்கம் பக்கத்து நடுகற்களில் பெரும்பாலும் இப்படித்தான். எந்த ராஜா காலம், எந்த ஊர், யார், எப்படிச் செத்தான். அடைமொழிகளைக் கொட்டவில்லை. நடந்ததை எழுதினார்கள், இன்றைக்கும் நின்று படிக்கிறோம்.

நான் எழுதுவதாக இருந்தால் தம்பியின் பெயர், ராணுவ எண், பதவி, படைப்பிரிவு, இன்னாரின் மகன், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் போட்டு, அதற்குக் கீழே இப்படி எழுதுவேன்: ‘இந்திய ராணுவத்தில் சமையல் பணி செய்தவர். பணியில் பயணம் செய்தபோது மலைப்பாதை விபத்தில் உயிர்நீத்தார்.’ ‘சமையல்’ என்ற சொல்லுக்கு அப்பா கடைசிவரை ஒப்பவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ‘பணியின்போது உயிர்நீத்தார்’ என்பதோடு நிற்கலாம். எல்லாவற்றையும் கல்லில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நடக்காத ஒரு சண்டையை எழுதுவது மட்டும் வேண்டாம். ஏனென்றால் நாளைக்கு அந்த யூனிட் பையன் ஒருவன் உங்கள் ஊருக்கு வருவான். கூட அதே லாரியில் போய்ப் பிழைத்தவனாகக்கூட இருக்கலாம். அவன் அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது உங்கள் அப்பா பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். இதை அப்பாவிடம் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் தொடர்ந்து கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

திதி அன்றைக்கு ஃபிளெக்ஸ் வைப்பார்கள். அதில் உங்கள் தம்பி படத்தைவிடப் பெரிதாக வேறு யாரெல்லாமோ கைகூப்பி நிற்பார்கள். அந்தச் சண்டையில் நீங்கள் இறங்க வேண்டாம். ஃபிளெக்ஸ் இரண்டு வாரத்தில் கிழிந்துவிடும். ஊரில் காலையில் ராணுவத் தேர்வுக்காக 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பழகுகிற பையன்கள் இருப்பார்களே, அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். திதிக்குப் போடுகிற படையலில் அவன் லீவில் வந்தால் வீட்டில் செய்து போடுவது எதுவோ, அது இருக்கட்டும். பையன்கள் அதைச் சாப்பிடட்டும். அண்ணன் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று அவர்களில் ஒருவன் கேட்பான். அப்போது நீங்கள் சொல்லலாம். சபையில் இல்லை, பந்தியில்.

கடைசியாகச் சிலை. பொதுச் சாலை ஓரத்திலோ நடைபாதையிலோ என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திறந்த பிறகு தாசில்தார் வந்து துணி போட்டு மூடினால் அம்மா தாங்கமாட்டார். இடம் எது, அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள், கோபமில்லாமல். அவர் இதை அன்போடுதான் செய்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாகச் சிற்பி முதலில் களிமண்ணில்தான் உருவம் செய்வார். அதைப் பார்த்துச் சரி என்று குடும்பம் சொன்ன பிறகுதான் அச்சு எடுப்பார். களிமண்ணில் இருக்கும்வரை எதையும் மாற்றலாம். துப்பாக்கியை எடுத்துவிட்டு, யூனிபார்மில் மார்பளவாக முடித்துக்கொள்ளலாம், செலவும் குறையும். அச்சு எடுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த வாரமே சித்தப்பாவோடு பட்டறைக்குப் போங்கள். தம்பி சிரித்த மாதிரி இருக்கிற நல்ல போட்டோ இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் எடுத்ததும் ஒன்று வேண்டும். மூக்கும் காதும் சரியாக வர அது இல்லாமல் முடியாது. முடிந்தால் அப்பாவையும் கூப்பிடுங்கள். மற்றதற்கெல்லாம் வராவிட்டாலும், முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வருவார்.